603-ஐ விட 56 பெரிசு



வேக ரயில் பற்றின எபிசோட்டுக்குப் பிறகு வந்த மெசேஜ்களில முக்கால்வாசி ஒரே கேள்விதான்: "இப்ப உலகத்தில ஆக வேகமான ரயில் எது?" கனடாவில இருந்து ஒரு தம்பி சீனாவின்ர புது சி.ஆர்.450 வீடியோவை அனுப்பியிருந்தார். லண்டனில இருந்து ஒரு அக்கா ஜப்பானின்ர மிதக்கிற ரயிலை அனுப்பியிருந்தா. எங்கட குடும்ப வட்ஸ்அப் குறூப்பில மாமா ஒருத்தர் இரண்டையும் சேர்த்துப் போட்டு, கீழ மூண்டு ரொக்கெட் படமும் வைச்சிருந்தார்.

பதில் சுகம். மணிக்கு 603 கிலோமீட்டர். 2015 ஏப்ரல் 21, ஜப்பானின் யமனாஷி சோதனைப் பாதையில், காந்தத்தில் மிதந்து ஓடும் ரயில். சரி, சொல்லியாச்சு. இனி நான் உண்மையில எழுத வந்ததைச் சொல்லுறன்: அந்தக் கேள்வியே பிழையான கேள்வி. ரயிலின்ர மூக்கில எழுதியிருக்கிற நம்பரை வைச்சு ஒரு நாட்டின்ர ரயிலை மதிப்பிடுறது, கலியாண வீட்டுச் சாப்பாட்டை அழைப்பிதழை வைச்சு மதிப்பிடுற மாதிரி.

ஒரு சின்னக் கணக்குப் பார்ப்பம். 100 கிலோமீட்டர் தூரம். மணிக்கு 100-ல போனால் 60 நிமிடம். 200-ல போனால் 30 நிமிடம், அதாவது அரை மணித்தியாலம் மிச்சம். 300-ல 20 நிமிடம், மிச்சம் 10. 350-ல 17 நிமிடமும் சில செக்கன்களும். மிச்சம் மூண்டு நிமிடம்கூட இல்லை. 500-ல இருந்து 600-க்குப் போனால் 12 நிமிடம் 10 நிமிடமாகும். இரண்டு நிமிடம். ஸ்டேஷனில ஒரு கோப்பி வாங்கக் காணாது.

இப்ப மற்றப் பக்கம், செலவு. வேக ரயிலின் பெரிய எதிரி காற்று. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 300-ல் இருந்து 600-க்குப் போனால் தடை இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. அந்தத் தடைக்கு எதிராக மோட்டார் கொடுக்க வேண்டிய சக்தி எட்டு மடங்கு. அதால முதல் அரை மணித்தியாலம் மலிவு, கடைசி இரண்டு நிமிடம் பொன் விலை. வேகம் கூடக் கூட நாங்கள் வாங்குற நேரம் சுருங்குது, குடுக்கிற காசு வீங்குது.

காசு இருந்தாலும் பிரச்சினை முடியாது. ஜப்பானில டோஹொகு பாதையில் ஓடும் ஷின்கான்சென் 2013-ல இருந்து 320-ல ஓடுது. இன்னும் வேகமாக ஓட்ட அவையளுக்கு மோட்டார் இல்லையெண்டா நினைக்கிறீங்கள்? தடுப்பது சத்தம். 1975-ல் போட்ட சட்ட அளவின்படி குடியிருப்புப் பகுதிகளில் ஷின்கான்சென் சத்தம் 70 டெசிபலுக்கு மேல போகக்கூடாது. காற்று கிழிபடும் சத்தம் வேகத்தின் ஏறத்தாழ ஆறாம் அடுக்கோடு கூடும். அந்த ரயிலின் 15 மீட்டர் மூக்கு அழகுக்கு வைச்சதில்லை. சுரங்கத்துக்குள் ரயில் நுழையும்போது முன்னால் தள்ளப்படும் காற்று, மற்ற வாசலில் வெடிபோல் வெளிவராமல் இருக்கத்தான். பாதையோரம் நித்திரை கொள்ளுற ஒரு பாட்டிதான் அந்த ரயிலின்ர உச்ச வேகத்தைத் தீர்மானிக்கிறா எண்டு சொன்னாலும் பிழையில்லை. எனக்கு அது பிடிச்சிருக்கு.

சாதனைகளையும் ஒருக்கா கிட்டப் போய்ப் பாருங்கோ. தண்டவாளத்தில் சக்கரத்தோடு ஓடிய ரயிலின் உலகச் சாதனை 574.8. பிரான்ஸ், 2007 ஏப்ரல் 3. அந்த ரயில் நீங்கள் ரிக்கெட் எடுத்து ஏறுற டி.ஜி.வி. இல்லை. ஐந்தே ஐந்து பெட்டி. சக்கரத்தின் விட்டத்தை 920 மில்லிமீட்டரிலிருந்து 1092 ஆக்கினார்கள். மேலே போகும் மின் கம்பியில் 25 ஆயிரம் வோல்ட்டுக்குப் பதில் 31 ஆயிரம். கம்பியை வழமையை விட இறுக்கி இழுத்துக் கட்டினார்கள்.

கம்பியை ஏன் இறுக்க வேணும்? ரயிலின் கூரையில் இருக்கும் கை கம்பியை மேலே தள்ளிக்கொண்டே போகும். அந்தத் தள்ளலால் கம்பியில் ஒரு அலை எழும்பி முன்னால் ஓடும். ரயில் அந்த அலையை எட்டிப் பிடிக்கிற வேகத்துக்கு வந்தால் கம்பி குதிக்கும், தொடர்பு அறும், தீப்பொறி பறக்கும். இறுக்கினால் அலை வேகமாக ஓடித் தப்பும். வீணைக் கம்பியின் அதே விதிதான். இவ்வளவும் செய்து ஓடின அதே பாதை, இரண்டு மாதத்துக்குப் பிறகு பொதுமக்களுக்குத் திறந்தபோது ரயில்கள் ஓடினது 320-ல.

இதுக்கு முந்தின ஒரு சாதனை இன்னும் நல்ல கதை. 1955 மார்ச்சில், போர்தோவுக்குத் தெற்கே, இரண்டு மின்சார என்ஜின்கள் 330 கிலோமீட்டர் அளவுக்குப் போயின. உலகமே கை தட்டிச்சு. ரயில் போன பிறகு எடுத்த படத்தில தண்டவாளம் பாம்பு மாதிரி நெளிஞ்சு கிடக்குது. அந்தப் படம் பல வருஷமாய் வெளியில வரேல்லை. சாதனை ரயிலுக்கு, சேதம் பாதைக்கு.

அந்தப் பாம்பு நெளிவுதான் வேக ரயிலின் அடிப்படைச் சிக்கல். ரயில் சக்கரம் தட்டையான உருளை இல்லை, லேசான கூம்பு. இரண்டு சக்கரமும் ஒரே அச்சில் இறுக்கமாகப் பூட்டியிருக்கும். வளைவில் வெளிச் சக்கரம் பெரிய விட்டத்திலும் உள் சக்கரம் சிறிய விட்டத்திலும் உருண்டு, தானாகவே திரும்பும். ஸ்டியரிங் இல்லாமல் ரயில் வளையுறதன் ரகசியம் அதுதான். ஆனால் நேர்ப் பாதையில், ஒரு வேகத்துக்கு மேல, இதே கூம்பு வினையாகும். ரயில் இடமும் வலமும் ஆடத் தொடங்கும், ஆட்டம் தன்னைத்தானே வளர்க்கும்.

ஜப்பானில இதைத் தீர்த்த ஆள் தடாஷி மட்சுடைரா. போர்க்காலத்தில விமானங்களின் சிறகு நடுங்குற பிரச்சினையை ஆராய்ந்த பொறியியலாளர். போர் முடிஞ்ச பிறகு ரயில்வே ஆராய்ச்சிக் கூடத்தில வேலை. ரயில் ஆடுவது தண்டவாளம் கோணலாக இருப்பதால் என்று அங்கிருந்த அனுபவசாலிகள் நம்பினார்கள். இவர், இல்லை, விமானச் சிறகு மாதிரி ரயில் தானே தன்னை ஆட்டுகிறது என்றார். அச்சைத் தாங்கும் சட்டத்தின் ஸ்பிரிங்குகளையும் தணிப்பான்களையும் அதற்கேற்ப வடிவமைத்த பிறகுதான், 1964 அக்டோபர் 1-ந் திகதி, தோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையில் மணிக்கு 210-ல் ஓட முடிந்தது.

அந்த 515 கிலோமீட்டர் பாதையை நான் திரும்பத் திரும்பச் சொல்லுறதுக்குக் காரணம் இருக்கு. அது உலகத்தின்ர ஆக வேகமான பாதை இல்லை. 1960-களின் அளவில் கட்டினதால் அதன் வளைவுகளின் ஆரம் 2500 மீட்டர்தான். சீனாவின் பெய்ஜிங்–ஷாங்காய் பாதையில் அது 7000 மீட்டர், அதால அங்க 350 ஓடலாம். ஒரு பாதையைக் கட்டுற நாளிலேயே அதன்ர வேகத்தை மண்ணில எழுதி வைச்சாச்சு, பிறகு எந்தப் புது ரயிலை வாங்கினாலும் மாத்த ஏலாது. ஜப்பானியர் என்ன செய்தார்கள்? காற்று ஸ்பிரிங்கால் பெட்டியை வளைவில் ஒரே ஒரு டிகிரி சாய்த்தார்கள். 2015-ல் 270-ஐ 285 ஆக்கினார்கள். ஐம்பது வருஷப் பொறியியலுக்குக் கிடைச்சது இவ்வளவுதானா எண்டு நீங்கள் கேப்பீங்கள்.

அவையள் மினக்கெட்டது வேற இடத்தில. அந்தப் பாதையில் நொசோமி ரயில் மட்டும் நெரிசல் மணித்தியாலங்களில் 12 ஓட இடமிருக்கு. எங்கட ட்ராம் அளவுக்கு அடிக்கடி, ஒவ்வொன்றிலும் 1300-க்கு மேல் இருக்கை. நள்ளிரவிலிருந்து காலை 6 மணி வரை ஒரு ரயிலும் ஓடாது. அந்த நேரம் முழுக்கப் பாதையைத் திருத்துற ஆக்களுக்கு. பத்து நாளுக்கு ஒருக்கா அளவில் மஞ்சள் நிறத்தில் ஒரு ரயில் பயணிகள் இல்லாமல் ஓடித் தண்டவாளத்தையும் கம்பியையும் அளந்துகொண்டு போகும். அது எப்ப வருமெண்டு அறிவிக்கிறதில்லை, கண்டால் அதிர்ஷ்டம் எண்டு சனம் போனோட நிக்கும். 1964-ல் இருந்து இண்டைக்கு வரைக்கும் ஷின்கான்சென் மோதியோ தடம்புரண்டோ ஒரு பயணிகூடச் சாகேல்லை. முதல் வருஷம், புது மண் இறுகும் வரைக்கும், வேகத்தைக் குறைச்சே ஓட்டினவை. உலகமே பாத்துக்கொண்டிருந்த ஒலிம்பிக் வருஷத்தில மெதுவாக ஓட்டுறதுக்கு ஒரு துணிவு வேணும்.

வேகத்தைக் கூட்டுறது கஷ்டமெண்டால் நிப்பாட்டுறது அதை விடக் கஷ்டம். 300-ல் ஒரு ரயில் ஒரு செக்கனுக்கு 83 மீட்டர் போகும். அவசரமாக பிரேக் பிடித்தாலும் நிற்க 3 கிலோமீட்டருக்கு மேல் வேணும். உருக்குச் சக்கரம் உருக்குத் தண்டவாளத்தைத் தொடும் இடம் உங்கட சுண்டுவிரல் நகம் அளவுதான். அவ்வளவு தூரத்துக்கு முன்னால இருக்கிற சிக்னல் விளக்கை ஓட்டுநரால் கண்ணால் வாசிக்க முடியாது. அதனால்தான் வேகப் பாதைகளில் சிக்னல் அவர் முன்னால் இருக்கும் திரையில் வருது, அவர் கவனிக்காவிட்டால் ரயிலே பிரேக் பிடிக்கும்.

2011 ஜூலை 23, சீனாவின் வென்சோவுக்குப் பக்கத்தில, மின்னல் அடிச்சு சிக்னல் கருவி பழுதாகி, முன்னால ரயில் இருக்க வேண்டிய இடத்தில பச்சையைக் காட்டிச்சு. பின்னால் வந்த ரயில் மோதினபோது அதன் வேகம் 99. முந்நூறு இல்லை, தொண்ணூற்றொன்பது. 40 பேர் இறந்தார்கள். அந்த வருஷம் சீனா தன்ர 350 பாதைகளை 300-க்கு இறக்கினது, பெய்ஜிங்–ஷாங்காய் பாதை 2017-ல்தான் 350-க்கு வந்தது. 350 வீடியோவை அனுப்புற ஆக்கள் அந்த இடைப்பட்ட ஆறு வருஷத்தைப் பற்றி ஒருக்காலும் அனுப்புறேல்லை.

வேகத்தை விளம்பரமாக்கினால் என்ன நடக்கும் எண்டுறதுக்கு லண்டன் ஆக்கள் தூரம் போகத் தேவையில்லை. உங்கட எச்.எஸ்.2-வின்ர பேரே 'ஹை ஸ்பீட்'. உண்மையில் அது தேவைப்பட்டது, பழைய மேற்குக் கரைப் பாதையில் இனி ரயில் விட இடமில்லை என்பதால். வேக ரயில்களைத் தனிப் பாதைக்கு மாற்றினால், பழைய பாதையில் உள்ளூர் ரயிலும் சரக்கு ரயிலும் கூட ஓடலாம். ஆனா சனத்துக்கு விற்றது வேகத்தை: 360-ல் ஓட, 400-ஐயும் தாங்கக்கூடிய நேர்ப் பாதை. அவ்வளவு நேராகப் போக வேண்டுமென்றால் ஊரை விலத்த ஏலாது, குன்றைச் சுற்ற ஏலாது. செலவு ஏறிச்சு. "பேர்மிங்ஹாமுக்கு அரை மணித்தியாலம் முந்திப் போய் என்ன செய்யிறது?" எண்ட கேள்விக்கு ஒருத்தராலும் ஒழுங்காய்ப் பதில் சொல்ல முடியேல்லை, ஏனெண்டால் சரியான பதிலை ஆரம்பத்திலேயே சொல்லேல்லை. 2023 அக்டோபரில் பேர்மிங்ஹாமுக்கு வடக்கே போக இருந்த பகுதியை வெட்டினார்கள். இட நெருக்கடி அந்தப் பக்கமும் இருந்தது.

அதே காரணத்தால் ஜப்பானின்ர மிதக்கிற ரயிலையும் நான் முழுக்கக் கழிக்க மாட்டன். பெரிய நிலநடுக்கம் வந்தால் தோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையில் இரண்டாவது வழி ஒன்று வேணும். அது நியாயமான காரணம். 505 எண்ட வேகம் அந்தக் காரணத்துக்குத் தேவையில்லை. தோக்கியோ–நகோயா 286 கிலோமீட்டரில் பத்தில் எட்டுக்கு மேல் சுரங்கம், சினகவாவில் ஏறுவதற்கு நிலத்துக்குக் கீழே 40 மீட்டர் அளவு இறங்கவேணும், பழைய தண்டவாளம் ஒண்டிலயும் அது ஓடாது. 2027-ல் திறப்பதாக இருந்தது, இப்ப 2030-களின் நடுவுக்குத் தள்ளிப் போய்ட்டுது. இதுக்கு எதிர்மாறு 1981-ன் டி.ஜி.வி. பாரிசுக்கு வெளியே புதுப் பாதையில் பறந்துவிட்டு, கடைசிக் கிலோமீட்டர்களைப் பழைய பாதையில் மெதுவாக உருண்டு, பழைய ஸ்டேஷனுக்குள்ளேயே வந்து நிக்கும். வேகத்தை விட அந்தப் பொருத்தம்தான் பிரான்ஸ்காரரின்ர கெட்டித்தனம்.

இப்ப நான் இருக்கிற நாட்டுக்கு வாறன். சூரிச்சிலிருந்து பேர்ண். 120 கிலோமீட்டர் அளவு. 56 நிமிடம். உச்ச வேகம் 200, உலகப் பட்டியல் எதிலும் வராது. ஆனா இந்த 56-தான் எனக்கு 603-ஐ விடப் பெரிசு.

ஏன் சரியாக 56? 1987-ல் இந்த நாட்டு மக்கள் 'பான் 2000' திட்டத்துக்கு வோட்டுப் போட்டார்கள். எங்கட அப்பாமார் அகதியாய் வந்திறங்கி, ஜெர்மன் ஒரு சொல்லும் தெரியாமல் உணவகங்களில கோப்பை கழுவிக்கொண்டிருந்த காலம். திட்டத்தின் அடிப்படை இதுதான்: பெரிய ஸ்டேஷன் ஒவ்வொன்றிலும் எல்லாத் திசை ரயில்களும் மணி அடிக்கக் கொஞ்சம் முந்தி வந்து சேரவேணும், மணி அடிச்சுக் கொஞ்சம் பிந்திப் புறப்படவேணும். இடையில் எல்லாரும் மேடை மாறி ஏறலாம். அப்படியென்றால் இரண்டு பெரிய ஸ்டேஷனுக்கும் இடையிலான பயணம் 60 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கவேணும். முந்தி சூரிச்–பேர்ண் 69 நிமிடம். அந்த 9 நிமிடத்தால் பேர்ணில் எல்லாத் தொடர்பும் தவறும், அடுத்ததுக்காகக் காத்து நிக்கவேணும். ஆகவே 45 கிலோமீட்டருக்கு மட்டும் புதுப் பாதை போட்டார்கள். 2004 டிசம்பர் 12-ல் இருந்து 56.

இதை 45 நிமிடமாக்க முடியாதா? முடியும், பில்லியன் கணக்கில் காசு கொட்டினால். பிறகு பேர்ணில இறங்கி, இன்டர்லாக்கன் ரயிலுக்காக மேடையில 11 நிமிடம் கூடுதலாய் நிப்பீங்கள். அந்த 11 நிமிடத்துக்குத்தான் அவ்வளவு காசும். மற்ற நாடுகள் முதலில் ரயிலை வாங்கும், பிறகு பாதையைத் தேடும், கடைசியில் நேர அட்டவணை எழுதும். இங்க அட்டவணையை முதலில எழுதினவை. அது கேட்ட வேகத்துக்குத்தான் பாதை, பாதைக்கேற்ற ரயில்.

அடுத்த வீட்டில 300-ல ஓடுற ரயில் இருக்கு. கொலோன்–பிராங்பேர்ட் பாதையில் நானும் ஏறியிருக்கிறன், மலை ஏறி இறங்கும்போது வயித்துக்குள்ள கூசும், அருமையான பாதை. ஆனா 2024-ல் ஜெர்மனியின் தூர ரயில்களில் நேரத்துக்கு வந்தவை 62.5 வீதம், அதுவும் ஆறு நிமிடத்துக்குக் குறைந்த தாமதத்தை நேரத்துக்கு வந்ததாகக் கணக்கெடுத்து. பிந்தி வாற ஜெர்மன் ரயிலை பாசலிலேயே நிறுத்திவிட்டு, உள்ளுக்கு வேறு ரயிலை விடுகிறார்கள், எங்கட அட்டவணை குழம்பக்கூடாதெண்டு. 300-ல ஓடுற ரயில் 200-ல ஓடுற நாட்டின்ர வாசலில நிக்கவேண்டியிருக்கு.

சூரிச்சிலிருந்து எஸ்-பானில் கொஞ்ச நேரம் போனால் ஷ்லீரன். இங்கே ஒரு பெட்டித் தொழிற்சாலை இருந்தது. 1955-ல் சென்னை பெரம்பூரில் ஐ.சி.எஃப். தொடங்கினபோது வடிவமைப்பும் தொழில்நுட்பமும் இங்கிருந்துதான் போயின. இந்தியா முழுக்கப் பல பத்தாண்டுகள் ஓடிய நீலப் பெட்டிகள் ஷ்லீரன் வழிவந்தவை. ஷ்லீரன் தொழிற்சாலையை எண்பதுகளில் மூடிவிட்டார்கள். பெரம்பூர் இன்னும் ஓடுது, 2018-ல் அங்க செய்ததுதான் வந்தே பாரத்.

அந்த ரயிலைக் கேலி செய்யிற மீம்களை நானும் பாத்திருக்கிறன். 'ஹை ஸ்பீட் எண்டுறாங்கள், 130-ல ஓடுது.' பெரம்பூர் ஆக்களில் பிழையில்லை. சோதனையில் அது 180-ஐத் தொட்டது. பெரும்பாலான பாதைகளில் 130-க்கு மேல் அனுமதியில்லை, அவ்வளவுதான். 2019-ல் தில்லி–வாராணசி 759 கிலோமீட்டரை 8 மணித்தியாலத்தில் ஓடினது, சராசரி 95 அளவு. அதே தண்டவாளத்தில் முன்னால சரக்கு ரயில் போகுது, பாசஞ்சர் போகுது, குறுக்கால மாடும் போகுது. பெரம்பூர் நாளைக்கு 350 ரயிலைச் செய்து குடுத்தாலும் அந்தப் பாதையில அதுவும் 130-தான். ஆனா ரயிலுக்குத்தான் கொடியசைப்பு விழா நடக்கும். வளைவை நேராக்கினதுக்கும் வேலி போட்டதுக்கும் ரிப்பன் வெட்டினதாய் நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீங்களா?

இது எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் எண்டால், எங்களிட்ட வோட்டு இருக்கு. 2014 பெப்ரவரி 9-ந் திகதியை சுவிஸ் தமிழ் ஆக்கள் நல்லா ஞாபகம் வைச்சிருப்பீங்கள், குடியேற்றத்தைக் கட்டுப்படுத்துற பிரேரணை 50.3 வீதத்தில வெண்ட நாள். அண்டைக்கு வீட்டில ரிவி முன்னால ஒருத்தரும் கதைக்கேல்லை. அதே நாள், அதே கடித உறையில, ரயில் கட்டமைப்புக்குக் காசு ஒதுக்குற பிரேரணையும் இருந்தது; 62 வீதம் ஓம் எண்டு வெண்டது. எனக்குத் தெரிஞ்ச தமிழ் ஆக்களில ஒருத்தருக்கும் அது ஞாபகம் இல்லை. இண்டைக்கு காலமை நீங்கள் ஏறின ரயிலின்ர பாதையைப் பராமரிக்கிற காசு அண்டைக்குப் போட்ட வோட்டில இருந்துதான் வருது. அடுத்த உறை வரும்போது உள்ளுக்கு இருக்கிற புத்தகத்தில ரயில் படத்தைத் தாண்டி, பயண நேர அட்டவணை இருக்கிற பக்கத்துக்குப் போங்கோ. அந்தப் பக்கம் இல்லையெண்டால் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கோ, அதைப் பற்றி ஒரு எபிசோட் செய்வம்.

அடுத்த கிழமை ரயில் கதவுகள்: ஸ்டேஷனில 40 செக்கன் நிக்கிறதுக்கும் 90 செக்கன் நிக்கிறதுக்கும் என்ன வித்தியாசம் எண்டு பார்ப்பம். 350-தான் வேணும் எண்டு அடம்பிடிக்கிற ஆக்களும் தாராளமாய் எழுதுங்கோ. மாமா, நீங்களும்தான்.